இரண்டு வெள்ளிக்கிழமைகள்: ஆண்கள் உடையில் ஒரு நடுவழியின் வரலாறு



நம் ஊர்ப் பிள்ளைகள் பணிபுரியும் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றில் திங்கள் முதல் வியாழன் வரை ஓர் உடை ஒழுங்கும், வெள்ளிக்கிழமைக்கு வேறோர் ஒழுங்கும் வழக்கில் உண்டு. நான்கு நாட்கள் இஸ்திரி மடிப்புக் கலையாத முழுக்கைச் சட்டையும் தோல் காலணியும் அணிய வேண்டும். ஐந்தாம் நாள் ஜீன்ஸுக்கும் டி-ஷர்ட்டுக்கும் அனுமதி. அதே வெள்ளியின் நண்பகலில்தான் ஜும்ஆ. மார்க்கம் குளித்து, நறுமணம் பூசி, இருப்பதில் சிறந்ததை உடுத்தச் சொல்லும் நாளை அலுவலகம் வாரத்திலேயே மிகத் தளர்வான நாளாக வைத்திருக்கிறது. காலையில் அலமாரியின் முன் நிற்கும் இளைஞருக்கு இது சிறிய சங்கடமன்று. இந்த முரணின் வேர்களைத் தேடினால் ஒன்று ஹவாய்த் தீவுக்கும் மற்றொன்று மதீனாவுக்கும் செல்கின்றன.

அலுவலக வெள்ளியின் கதை அண்மைக் காலத்தது. பசிபிக் பெருங்கடலின் நடுவே, ஆண்டு முழுதும் வெப்பம் குறையாத ஹவாயில், அமெரிக்கப் பெருநிலத்தின் வழக்கப்படி கோட்டும் டையும் அணிந்து அலுவலகம் செல்வது ஒரு தண்டனையாகவே இருந்தது. ஆனால் 1930களிலேயே அங்கு, ஜப்பானியக் கிமோனோத் துணிகளில் தைத்த பூவேலைச் சட்டைகள் 'அலோஹா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்திருந்தன. சுற்றுலாப் பயணிகளின் வேடிக்கை உடையாகக் கருதப்பட்ட அவற்றை அலுவலகத்துக்குள் கொண்டுவர அத்தீவின் ஆடை உற்பத்தியாளர் சங்கம் முயன்றது. 1962இல் சட்டமன்ற உறுப்பினர் ஒவ்வொருவருக்கும் இரண்டு சட்டைகளை அன்பளிப்பாக வழங்கியது. 1966 முதல் வெள்ளிதோறும் அச்சட்டையை அணியும் 'அலோஹா வெள்ளி' நிலைபெற்றது. அந்த வழக்கம் மெல்ல அமெரிக்கப் பெருநிலத்துக்கும் பரவியது. 1992இல் லீவைஸ் நிறுவனம் தன் டாக்கர்ஸ் கால்சட்டைகளை விற்க ஒரு வழி கண்டது. தளர்வு நாளில் எதை அணியலாம், எதை அணியலாகாது என்று விளக்கும் சிறு கையேட்டை அச்சிட்டு, சுமார் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பி வைத்தது. இன்று நம் அலுவலகங்களில் 'ஸ்மார்ட் கேஷுவல்' என்று வழங்கும் உடை இலக்கணம் பெருமளவு இந்தக் காலத்தில் உருவானதுதான். ஆடை வணிகர்கள் முன்னின்று வளர்த்த ஒரு பழக்கத்தை நாம் உலக நாகரிகத்தின் இயற்கை விதி போலக் கருதிக்கொள்கிறோம்!

மதீனாவின் வெள்ளிக்கிழமை இதற்கு நேர்மாறான திசையில் தொடங்கியது. அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அந்நாளைய நிலையை விவரித்த செய்தி புகாரியில் இடம்பெற்றுள்ளது. மக்கள் தம் கைகளால் உழைத்தவர்கள். மதீனாவின் மேட்டுப்புறச் சிற்றூர்களான அவாலியிலிருந்தும் பிற குடியிருப்புகளிலிருந்தும் புழுதியும் வியர்வையும் படிந்த மேனியோடு ஜும்ஆவுக்கு வருவார்கள். குளித்துவிட்டு வரலாமே என்ற அறிவுரை அந்தச் சூழலில்தான் பிறந்தது. வசதி உள்ளவர் வேலைக்கான உடையைத் தவிர ஜும்ஆவுக்கென ஈருடை வைத்துக்கொள்ளட்டும் என்ற நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல் அபூதாவூதிலும் இப்னுமாஜாவிலும் பதிவாகியுள்ளது. ஈருடை என்பது இடுப்பில் கட்டும் இசாரும் தோளில் போர்த்தும் ரிதாவும். அவை ஒன்றுக்கொன்று இயைந்த இணையாக இருந்தால் அதற்கு 'ஹுல்லா' என்று பெயர். மேலும் கீழும் பொருந்த உடுத்துவதற்கு அரபியர் தனிச்சொல்லே வைத்திருந்தனர்.

அந்த ஹுல்லா ஒன்றைப் பற்றிய நிகழ்ச்சியை இங்கு நின்று பார்க்க வேண்டும். பள்ளிவாசலின் வாயிலருகே பட்டுக் கோடிட்ட ஹுல்லா ஒன்று விற்பனைக்கு வந்தது. உமர் (ரலி) அவர்கள் அதைக் கண்டு, இதனைத் தாங்கள் வாங்கி ஜும்ஆ நாளிலும் தூதுக்குழுக்கள் வரும்போதும் அணியலாமே என்று நபி (ஸல்) அவர்களிடம் கூறினார்கள். மறுமையில் பங்கில்லாதவரே இதை அணிவார் என்பது பதிலாயிற்று. பின்னர் அத்தகைய ஆடைகள் சில வந்தபோது அவற்றில் ஒன்று உமருக்கே அனுப்பப்பட்டது. அவர் திகைத்துக் கேட்க, நீர் உடுத்துவதற்காக அதைத் தரவில்லை என்ற விளக்கம் கிடைத்தது. மக்காவில் இன்னும் இணைவைப்பில் இருந்த தம் சகோதரருக்கு அதை அவர் அன்பளிப்பாகக் கொடுத்தனுப்பினார்.

இதில் மறுக்கப்பட்டது பட்டுதான். ஜும்ஆவுக்கென நன்றாக உடுத்தும் எண்ணம் மறுக்கப்படவில்லை. இமாம் புகாரி இச்செய்தியை, இருப்பதில் சிறந்ததை அணிவது என்ற தலைப்பின் கீழேயே வைத்துள்ளார்கள். உமர் (ரலி) அவர்களின் சொல்லில் மற்றொன்றும் இருக்கிறது. தொழுகையையும் தூதுக்குழுவையும், அதாவது வழிபாட்டையும் அலுவலையும், ஒரே உடையால் நிறைவு செய்யலாம் என்று அவர் இயல்பாகவே எண்ணியிருக்கிறார். நம் இளைஞரின் வெள்ளிக்கிழமைத் தேவையும் அதுவேயன்றோ?

உழைப்பின் புழுதியிலிருந்து மேலே ஏறியது மதீனாவின் வெள்ளி. கோட்டின் புழுக்கத்திலிருந்து கீழே இறங்கியது ஹொனலூலுவின் வெள்ளி. இரண்டும் சந்திக்கும் இடம் தூய்மையான, தளர்வான, பிறர் முன் நிற்கத்தக்க ஓர் உடை. இவ்விரண்டையும் ஒருசேர நடைமுறையாக்கிக் காட்டிய சமூகம் ஒன்று உண்டு. இந்தோனேசியாவில் 1972இல் ஜகார்த்தாவின் ஆளுநர் அலி சாதிகின், நீண்ட கையுள்ள பாத்திக் சட்டையை நகரின் அதிகாரபூர்வ உடையாக ஏற்கச் செய்தார். 2009இல் யுனெஸ்கோ பாத்திக் கலையை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தபின், வெள்ளிதோறும் பாத்திக் அணியும் வழக்கம் அங்குள்ள அலுவலகங்களில் மேலும் வலுப்பெற்றது. காலையில் கூட்ட அறையில் அணிந்திருந்த அதே சட்டையோடு, தலையில் கறுப்புப் பெச்சியை வைத்துக்கொண்டு ஜும்ஆவுக்குச் செல்கிறார்கள். உடை மாற்றவோ சங்கடப்படவோ அங்கே தேவையில்லை.

அதே நாட்டவர் வீட்டிலும் பள்ளிவாசலிலும் உடுத்தும் கட்டமிட்ட கைலிக்கு மலாய் மொழியில் 'பெலிக்காட்' என்று பெயர். அது நம் பழவேற்காடுதான். 1613இல் டச்சுக்காரர் கெல்ட்ரியா கோட்டையை எழுப்பிய அந்தத் துறைமுகத்திலிருந்து போன துணி, ஊரின் பெயரையும் உடன் கொண்டு சென்றது. நாகூர், பரங்கிப்பேட்டை, காயல்பட்டினம் முதலிய கரையோர ஊர்களின் மரைக்காயர்கள் இந்தக் கடல் வணிகத்தில் முன்னின்றவர்கள். இன்று அத்துணி ஜாவாவிலேயே நெய்யப்படுகிறது. பெயர் மட்டும் மாறவில்லை. அங்கு பள்ளிவாசலுக்குரிய கண்ணியத்தோடு உடுத்தப்படும் கட்டக் கைலியை, இங்கு நாம் வாசல்வரைக்கும் மட்டுமே என்று ஒதுக்கிவிட்டோம். வெள்ளைக் கைலியும் வெள்ளைச் சட்டையும் மட்டும் நம் ஊர்களின் ஜும்ஆக்களில் இன்னும் மரியாதையோடு நிலைத்திருக்கின்றன.

நம் கட்டத் துணி அமெரிக்காவிலோ வேறொரு பிறவி எடுத்தது. 1958இல் புரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்துக்கு மெட்ராஸ் கட்டத் துணி விற்றதைப் பற்றி, கண்ணூரைச் சேர்ந்த சி.பி. கிருஷ்ணன் நாயர் பிற்காலத்தில் சொல்லி வந்த கதை சுவையானது. மென்மையாக, தனியே அலச வேண்டும் என்ற எச்சரிக்கை வாங்கியவர்களுக்குச் சொல்லப்படாமல் போக, சட்டைகள் சாயம் விட்டுப் புகார்கள் குவிந்தனவாம். விளம்பரக்காரர்கள் அந்தக் குறையையே சிறப்பாக மாற்றி, சாயம் விடுவது உறுதி என்று விற்றார்களாம். 1960களின் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களுக்கு அது விருப்ப உடையாயிற்று. அவர்கள் அதனோடு அணிந்த காக்கிக் கால்சட்டையும் நம் பக்கத்ததே. 'காக்' என்றால் பார்சியிலும் உருதுவிலும் புழுதி. 1840களில் பெஷாவரில் ஹாரி லம்ஸ்டன் திரட்டிய படைக்குப் புழுதி நிறத்தில் உடை கொடுக்கப்பட்டதிலிருந்து அதன் வரலாறு தொடங்குகிறது. ஆக, கட்டச் சட்டையும் காக்கி நிறக் கால்சட்டையும் அணிந்து வெள்ளியன்று அலுவலகம் செல்பவர் இரவல் உடையில் செல்லவில்லை.

இனி அலமாரிக்கு வருவோம். முதலில் இடுப்பைக் கவனிக்க வேண்டும். ஷாஃபி மத்ஹபில் ஆணின் அவ்ரத் தொப்புளுக்கும் முழங்காலுக்கும் இடைப்பட்டது; ஹனஃபி மத்ஹபில் முழங்காலும் அதில் அடங்கும். இறக்கமாக இடுப்பில் நிற்கும் ஜீன்ஸும் குட்டையான டி-ஷர்ட்டும் நிற்கும்போது குற்றமின்றித் தோன்றினாலும், சஜ்தாவில் முதுகின் கீழ்ப்பகுதியைக் காட்டிவிடுகின்றன. பின்வரிசையில் தொழுதவர் எவரும் இதை அறிவர். தொப்புளை மூடி நிற்கும் இடுப்பும், தொடையிலும் முழங்காலிலும் இறுக்காத வெட்டும் உள்ள பருத்திக் காக்கி இதற்கு ஏற்றது. மேலே, வெளியில் விட்டு அணியத்தக்க நேர்விளிம்புச் சட்டை, குனிந்தாலும் பின்புறம் மேலேறாத நீளத்தில் இருக்கட்டும். பட்டைக் கழுத்துள்ள சட்டை அலுவலகத்திலும் பொருந்தும், பள்ளியிலும் பொருந்தும். உளூச் செய்ய முழங்கை வரை எளிதில் சுருட்டும் கையும், நாடா இல்லாத காலணியும் அவசர இடைவேளையில் அருமை புரியும் பொருட்கள்.

படம் பொறித்த டி-ஷர்ட் வேண்டாம் என்பதற்கும் வரலாறு உண்டு. அபூஜஹ்ம் என்ற தோழர் அளித்த வேலைப்பாடுள்ள போர்வையில் தொழுத நபி (ஸல்) அவர்கள், அதன் கோலங்கள் கவனத்தை ஈர்த்தமையால் அதைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி, அவரிடமிருந்த எளிய போர்வையை வாங்கிவரச் செய்தார்கள். அணிந்தவரின் கவனமே சிதறுமானால், முதுகில் பெரிய எழுத்துகளில் ஏதோ வாசகம் அச்சிட்ட சட்டைக்குப் பின்னால் நிற்பவரின் நிலையைச் சொல்லவும் வேண்டுமா? கட்டம் போட்ட சட்டை எடுத்தாலும் அடர்ந்த வண்ணங்களைத் தவிர்த்து வெளிறிய நீலம், சாம்பல், பழுப்பு என்று எடுக்கலாம். அத்தரைப் பொறுத்தவரை, குளிரூட்டப்பட்ட மூடிய அறையில் ஒரு துளி போதும். இரண்டாவது துளியைப் பள்ளிவாசல் வாயிலில் பூசிக்கொள்ளலாம்.