6.5 கிரீட்மோரும் அதன் மூத்த தோட்டாக்களும்: ஒரு வரலாற்று ஆய்வு

அமெரிக்காவில் இன்று முதன்முறையாக மான் வேட்டைக்கு இறங்குகிறவர் துப்பாக்கிக் கடைக்குப் போனால், அவருக்கு எடுத்துக் காட்டப்படும் முதல் சில துப்பாக்கிகளில் ஒன்றாவது 6.5 கிரீட்மோராக இருக்கும். ஹார்னடி நிறுவனம் 2007இல் அறிமுகப்படுத்திய தோட்டா இது. .270 வின்செஸ்டர், .308 வின்செஸ்டர், .30-06 ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற மூன்று பழந்தோட்டாக்கள் தலைமுறை தலைமுறையாக ஆண்ட இடத்தில் அது பத்தே ஆண்டுகளில் கால் ஊன்றிவிட்டது. அதைப் பற்றி இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சிக்கு அது எதையும் எங்கிருந்தும் வீழ்த்தும் அதிசயம்; மற்றதற்கு வெறும் விளம்பரம். இரண்டும் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். விலங்கின் உடலுக்குள் செய்யும் வேலையில் கிரீட்மோர் மூத்த தோட்டாக்களை மிஞ்சவில்லை. அது மிஞ்சியது வேறோர் இடத்தில்: குண்டு, குழல், கூடு, மேகசின் நான்கையும் ஒன்றுக்கொன்று பொருந்துமாறு முதலிலேயே வரையறுத்துக்கொண்டு கடைக்கு வந்ததில். அந்தப் பொருத்தத்தின் பெரும்பகுதி 1894இலேயே கைவசம் இருந்தது.

ஸ்வீடனும் நார்வேயும் ஒரே மன்னரின் கீழ் இருந்த காலம் அது. இரு நாட்டுப் படைகளுக்கும் பொதுவான தோட்டா ஒன்றை வகுக்க 1891இல் கூட்டுக் குழு அமைந்தது. பிரான்சில் புகையில்லா வெடிமருந்து பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கரிமருந்துக் காலத்தில் வேகத்துக்கு ஓர் எல்லை இருந்தது. வலு வேண்டுமானால் குண்டைப் பருமனாக்க வேண்டியிருந்தது. புது மருந்து அந்த எல்லையை உடைத்ததும் காலிபர் 11 மி.மீ.யிலிருந்து 8, 7 என்று இறங்கத் தொடங்கியது. ஸ்காண்டிநேவியர்கள் 6.5 வரை இறங்கினார்கள். 1894இல் 6.5×55 உறுதியானது; நார்வே அதை கிராக்-யோர்கென்சன் துப்பாக்கியிலும் ஸ்வீடன் மவுசரிலும் பயன்படுத்தின.

அந்தத் தோட்டாவின் குண்டு 10.1 கிராம் எடை கொண்டது, உருண்டை மூக்கு, பென்சில் போன்ற நீளம். நீளமான குண்டு நேராகப் பறக்க வேண்டுமானால் வேகமாகச் சுழல வேண்டும்; சுழற்சி போதாவிட்டால் தளர்ந்த பம்பரம்போலத் தலையாட்டித் திசை மாறிவிடும். அதற்காகக் குழலின் உள்ளே வெட்டப்படும் புரி, குண்டை 200 மி.மீ. தூரத்துக்குள் ஒரு முழுச் சுற்று சுற்றவைக்கும்படி அமைக்கப்பட்டது. அங்குலத்தில் ஏறக்குறைய எட்டு. இந்த எட்டு என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. கிரீட்மோரின் வெற்றிக்குள்ளும் அதன் போட்டியாளர்களின் தோல்விக்குள்ளும் அதுதான் ஒளிந்திருக்கிறது. பின்னர் 1941இல் ஸ்வீடன் கூர்மூக்கும் படகுவால் அடியும் கொண்ட 9 கிராம் குண்டுக்கு மாறியது. ஆக, மெல்லிய காலிபர், நீண்ட கூர்குண்டு, வேகமான புரி, மிதமான உதை என்று கிரீட்மோரின் விளம்பரம் பட்டியலிடும் குணங்களெல்லாம் அதற்கு 66 ஆண்டு முன்பே ஒரே தோட்டாவில் கூடியிருந்தன.

படையிலிருந்து அது காட்டுக்குப் போனது. ஸ்வீடனில் மூஸ் என்னும் மிகப் பெரிய மானை இன்றும் 6.5×55 கொண்டு வேட்டையாடுகிறார்கள். அங்குள்ள சட்டம் சுவையானது. பெருவிலங்குகளுக்கான முதல் வகுப்பில் 9 கிராம் குண்டுக்கு 100 மீட்டரில் குறைந்தது 2,700 ஜூல் ஆற்றல் இருக்க வேண்டும். குண்டு 10 கிராமோ அதற்கு மேலோ இருந்தால் 2,000 ஜூலே போதும். எடை கூடிய குண்டு ஆழமாக ஊடுருவும் என்பதற்குச் சட்டமே தரும் சலுகை இது. 10.1 கிராம் குண்டோடு பழைய ஸ்வீடிஷ் தோட்டா சிரமமில்லாமல் தேறிவிடுகிறது. 9.27 கிராம் குண்டு போட்ட கிரீட்மோர் 100 மீட்டரில் சுமார் 2,790 ஜூலோடு எல்லைக்கோட்டை ஒட்டித்தான் தேறுகிறது.

மெல்லிய, நீண்ட குண்டின் பெருமை ஸ்காண்டிநேவியாவோடு நிற்கவில்லை. டபிள்யூ. டி. எம். பெல் ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைக் கொன்றவர். அவற்றில் பெரும்பாலானவை 7×57 மவுசர் தோட்டாவுக்கு இரையானவை. 6.5 மி.மீ. மான்லிக்கர்-ஷோனவரையும் அவர் பயன்படுத்தினார். அதே 7×57, .275 ரிக்பி என்ற ஆங்கிலப் பெயரில் இந்தியாவுக்கும் வந்தது. சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் கொன்றதற்காக ஜிம் கார்பெட்டுக்குப் பரிசாகக் கிடைத்த துப்பாக்கி அதுதான். இதை வைத்துச் சிறு தோட்டாவே போதும் என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. யானை மண்டையோட்டின் அமைப்பை அறுத்துப் பார்த்துப் படித்தவர் பெல். அவருடைய கையை விட்டுவிட்டுத் தோட்டாவுக்கு மட்டும் புகழ் சேர்ப்பது ஆய்வாகாது.

அமெரிக்கா வேறு வழியில் போனது. 1906இன் .30-06 படைத் தோட்டா நாட்டின் பொது வேட்டைத் தோட்டாவானது. அதன் கழுத்தைச் சுருக்கி 1925இல் வின்செஸ்டர் வெளியிட்ட .270, வேகத்தையே நம்பியது. ஜாக் ஓ'கானர் தம் பத்திரிகைக் கட்டுரைகளில் அதைப் பல்லாண்டு தூக்கிப்பிடித்தார். 1952இல் சிறிய கூட்டோடு .308 வந்தது. இடையிடையே 6.5 காலிபரை அமெரிக்கர்களுக்கு விற்கும் முயற்சிகளும் நடந்தன: 1958இல் .264 வின்செஸ்டர் மேக்னம், 1966இல் 6.5 ரெமிங்டன் மேக்னம், 1997இல் .260 ரெமிங்டன். எதுவும் பெரிதாக நிலைக்கவில்லை.

ஏன் என்பதற்கு 1955இல் நடந்த ஒரு போட்டி நல்ல விளக்கம். அந்த ஆண்டு 6 மி.மீ. காலிபரில் வின்செஸ்டர் .243ஐயும் ரெமிங்டன் .244ஐயும் இறக்கின. கூட்டின் கொள்ளளவில் .244 சற்றே மேல். ஆனால் ரெமிங்டன் அதைச் சிறு விலங்குத் தோட்டாவாக நினைத்து, 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற மெதுவான புரியைக் கொடுத்தது. மானுக்கு ஏற்ற 100 கிரெய்ன் எடையுள்ள குண்டை அந்தக் குழல் நம்பகமாக நிலைப்படுத்தவில்லை. வின்செஸ்டர் 10 அங்குலப் புரி கொடுத்தது. சந்தை .243 பக்கம் போய்விட்டது. 1963இல் புரியை மாற்றி, பெயரையும் 6 மி.மீ. ரெமிங்டன் என்று மாற்றிப் பார்த்தார்கள், போனது போனதுதான். கூடு நன்றாக இருந்தும் புரி தோற்கடித்த கதை இது.

.260 ரெமிங்டனின் குறை அளவில் இருந்தது. .308 கூட்டைச் சுருக்கிச் செய்ததால் கூட்டின் நீளம் 51.7 மி.மீ. குட்டை ஆக்‌ஷன் மேகசினில் கிடைப்பதோ மொத்தம் 72 மி.மீ. போல. நீண்ட கூர்குண்டை அதற்குள் அடக்க வேண்டுமானால் குண்டைக் கூட்டுக்குள் ஆழமாக அமுக்க வேண்டும். மருந்துக்கான இடத்தைக் குண்டின் அடிப்பகுதி எடுத்துக்கொள்ளும். கழுத்து பிடிக்க வேண்டிய நேர்ப்பகுதி உள்ளே போய், மூக்கின் வளைவு கழுத்துக்கு வந்துவிடும். கையால் தோட்டா நிரப்பும் போட்டியாளர்கள் இதைச் சமாளித்தார்கள். கடையில் பெட்டி வாங்கும் வேட்டைக்காரருக்கு அந்த வசதி இல்லை.

கிரீட்மோரை வடித்த டேவ் எமரி ஹார்னடியின் எறியியல் வல்லுநர். அவரோடு சேர்ந்து யோசித்த டென்னிஸ் டெமில் தேசியப் போட்டிகளில் வென்ற குறிபார்ப்பாளர். ஓஹையோவின் கேம்ப் பெர்ரியில் போட்டித் தோட்டாக்களின் தொல்லைகளைப் பற்றி நடந்த பேச்சிலிருந்து இத்தோட்டாவின் தேவைப் பட்டியல் உருவானது. .30 டிசி என்ற தோட்டாவின் கூட்டை எடுத்துக்கொண்டார்கள். அந்த .30 டிசியை இன்று யாரும் சீந்துவதில்லை. பிள்ளை பெற்ற பெயரைத் தாய் பெறவில்லை. கூட்டின் நீளம் 48.8 மி.மீ. ஆனது. .260ஐவிட ஏறக்குறைய 3 மி.மீ. குறைவு. அந்த 3 மி.மீ.தான் நீண்ட குண்டு வெளியே நீட்டிக்கொண்டும் மேகசினுக்குள் அடங்கியும் இருக்க இடம் தந்தது. தோள் 30 பாகைச் சாய்வு. குழலின் புரி 8 அங்குலம்: கிட்டத்தட்ட ஸ்வீடனின் பழைய 200 மி.மீ.தான். முதல் பெட்டிகளில் நிரப்பும் மருந்தின் அளவைக்கூட வெளிப்படையாக அச்சிட்டார்கள். எந்த நிறுவனமும் செய்யத் தயங்கும் காரியம். 2015இல் ரூகர் நிறுவனத்தின் பிரிசிஷன் ரைபிள் நடுத்தர விலையில் வந்தபோது தோட்டாவின் காலம் விடிந்தது.

பெயர் நியூயார்க்கின் கிரீட்மோர் சுடுதளத்திலிருந்து வந்தது. அங்கே 1874இல் அமெரிக்கர் அயர்லாந்துக்காரர்களை 934க்கு 931 என்ற புள்ளியில் வென்றார்கள். ஓர் அயர்லாந்துக்காரர் வேறொருவரின் இலக்கில் சுட்டுவிட்டதும் அதற்கு ஒரு காரணம்.

இனி ஒப்பீடு. சாதாரணத் தொழிற்சாலைத் தோட்டாக்களின் வேகத்தையும் காற்றை ஊடறுக்கும் திறனைக் குறிக்கும் குண்டுகளின் எறியியல் கெழுவையும் வைத்து நான் கணக்கிட்ட எண்கள் இவை. கிரீட்மோரின் 143 கிரெய்ன் குண்டு (முன்சொன்ன 9.27 கிராம்தான்) நொடிக்கு 823 மீட்டர் வேகத்தில் புறப்படுகிறது; .270இன் 130 கிரெய்ன் குண்டு 933 மீட்டர். புறப்படும் ஆற்றல் முறையே சுமார் 3,140 ஜூல், 3,660 ஜூல். .30-06இன் 180 கிரெய்ன் குண்டுக்கு 3,950. குழல்வாயில் கிரீட்மோர் மூவரிலும் பின்தங்கியதுதான்.

துப்பாக்கியை 200 கெஜத்துக்குச் சரிசெய்துவிட்டு 300 கெஜத்தில், அதாவது சுமார் 274 மீட்டரில், சுட்டால் .270 குண்டு ஆறரை அங்குலம் தாழ்கிறது. கிரீட்மோர் எட்டு அங்குலம். இங்கேயும் 1925இன் தோட்டாவே மேல். காற்றில் நிலைமை திரும்புகிறது. மணிக்கு 16 கி.மீ. குறுக்குக் காற்றில், அதே தூரத்தில், கிரீட்மோர் ஐந்து அங்குலம் விலகுகிறது; .270 ஆறு, .30-06 ஆறரை, .308 ஏழரை. மானின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி எட்டிலிருந்து பத்து அங்குலம் அகலம். .270க்கு எதிராக அந்த ஓர் அங்குலத்தை வைத்துக்கொண்டு மான் தப்பியதா வீழ்ந்ததா என்று யாரும் தீர்மானிக்க முடியாது. ஏறக்குறைய 400 கெஜத்தில்தான் கிரீட்மோரின் நீண்ட குண்டு .270ஐ ஆற்றலில் முந்தத் தொடங்குகிறது. 500 கெஜம் போக அதற்கு ஏறக்குறைய 0.64 நொடி ஆகும். மேய்கிற மான் ஓரடி எடுத்து வைக்க அது போதும். வேட்டையில் அந்தத் தூரத்தைப் பெருமையாகப் பேசுவது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை.

அமெரிக்கச் சிறப்புப் படையின் 2017ஆம் ஆண்டுச் சோதனைகள் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகின்றன. 1,000 மீட்டரில் கிரீட்மோர் குறி தவறாமல் படும் வாய்ப்பு, .308இன் படை இணையான 7.62 நேட்டோ தோட்டாவைவிட இரு மடங்கு என்பது முடிவு. அது உண்மைதான், ஆனால் 1,000 மீட்டர் என்பது வேட்டைக்காரரின் தூரமல்ல.

கிரீட்மோருக்கு நான் தயங்காமல் தரும் பாராட்டு உதை பற்றியது. 3.6 கிலோ துப்பாக்கியில் அதன் பின்னுதை சுமார் 18 ஜூல்; .308க்கு 22, .270க்கு 23, .30-06க்கு 30. உதைக்குப் பயந்து விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடிக்கொள்வது புதியவர்களிடம் சகஜம். 30 ஜூலுக்கும் 18க்கும் உள்ள வித்தியாசம், மேலே சொன்ன காற்று விலகல் வித்தியாசங்களையெல்லாம்விட அதிகமான மான்களை முறையாக வீழ்த்தியிருக்கும் என்பது என் ஊகம். ஆனால் இதே மென்மை 6.5×55இலும் உண்டு. பழைய கிராக் துப்பாக்கிகளை மனத்தில் வைத்து அமெரிக்கத் தரநிர்ணயம் அதன் அழுத்தத்தை 51,000 பிஎஸ்ஐயில் கட்டிவைத்திருக்கிறது, கிரீட்மோருக்கு 62,000. ஸ்வீடிஷ் தோட்டா மந்தமானது என்று அமெரிக்காவில் நிலவும் பேச்சின் வேர் இந்தக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கூட்டின் கொள்ளளவில் அதுதான் பெரியது.

உடலுக்குள் நடப்பதைத் தீர்மானிப்பது கூட்டின் பெயரல்ல, குண்டின் கட்டுமானம். 1946இல் கனடாவில் ஜான் நாஸ்லர் ஒரு மூஸின் மேல் சுட்ட குண்டுகள் வலிமையான .300 மேக்னத்திலிருந்து போயும் மேலோட்டமாகச் சிதறி ஆழம் போகவில்லை. அதற்கு விடையாக நடுவில் செம்புத் தடுப்புச் சுவர் வைத்த பார்ட்டிஷன் குண்டை உருவாக்கி 1948இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். முன்பாதி விரியும், பின்பாதி ஊடுருவும். 1989இல் பார்ன்ஸ் முழுச் செம்புக் குண்டைக் கொண்டுவந்தது. இந்தக் குண்டுகள் பழந்தோட்டாக்கள் அனைத்துக்கும் கிடைக்கின்றன. இன்றைய குண்டு போட்ட கிரீட்மோரை அரை நூற்றாண்டுக்கு முந்தைய குண்டு போட்ட .30-06உடன் ஒப்பிடுகிறவர் உண்மையில் குண்டுகளைத்தான் ஒப்பிடுகிறார்.

பழந்தோட்டாக்களுக்கு ஒரு உண்மையான தடை உண்டு. அது புரியில் இருக்கிறது. .270இன் மரபுப் புரி 10 அங்குலம். 150 கிரெய்னுக்கு மேற்பட்ட நீண்ட கூர்குண்டுகளை அது நிலைப்படுத்தத் திணறும். செம்பு ஈயத்தைவிட இலேசானது என்பதால் அதே எடைக்குச் செம்புக் குண்டு இன்னும் நீளமாகிறது. 2019 ஜூலை முதல் கலிஃபோர்னியா வேட்டையில் ஈயக் குண்டுகளைத் தடைசெய்திருப்பதால் இது ஏட்டுச் சிக்கலாக நிற்கவில்லை. உற்பத்தியாளர்கள் பழைய தோட்டாவின் புரியை மாற்றுவதற்குப் பதிலாகப் புதுத் தோட்டா அறிவிப்பதையே விரும்புகிறார்கள். ஏற்கெனவே ஏராளமாக வெளியே இருக்கும் மெதுவான குழல்களில் புதுக் குண்டு தடுமாறினால் பழி நிறுவனத்தின் மேல் விழும் என்பது காரணம். .270இன் அதே காலிபரில், 165 முதல் 175 கிரெய்ன் குண்டுகளுக்கென்று வேகமான புரியோடு 6.8 வெஸ்டர்ன் 2021இல் வந்தது. மறு ஆண்டு ஹார்னடி 7 மி.மீ. பிஆர்சியை அறிவித்தது, அதன் புரியும் 8 அங்குலம்.