யாரிடமும் கேள்வி கேட்காத ஒரு சொட்டு மருந்து



நாம் பேசக் கூச்சப்படும் ஒரு நோயின் வரலாறு இது. பிள்ளை பெறப்போகும் வீட்டில் உள்ளவர்கள் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள்.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் பார்வையற்றோர் பாடசாலைகளில் இருந்த பிள்ளைகள் பலர் பிறவியிலேயே பார்வை இல்லாதவர்கள் அல்லர். நல்ல கண்ணோடு பிறந்தவர்கள். பிறந்து சில நாட்களில் இமை வீங்கி, கண்ணில் சீழ் வடிந்து, கருவிழி புண்ணாகிப் பார்வை போனது. 1879இல் அல்பேர்ட் நைசர் என்ற ஜேர்மன் வைத்தியர் இதற்குக் காரணமான கிருமியைக் கண்டார். வெட்டை நோய் என்று நம் பெரியவர்கள் சொல்லும் கொனோரியாவின் கிருமிதான் அது. பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தையின் கண்ணுக்குப் போகிறது.

அப்போது லைப்சிக் நகர மகப்பேற்று வைத்தியசாலைக்குப் பொறுப்பாக இருந்தவர் கார்ல் கிரெடே. முதலில் தாய்மாரைக் கழுவிச் சுத்தம் செய்து பார்த்தார். பலன் போதவில்லை. பிறகு, நோய் இருப்பதாகத் தெரிந்த தாய்மாரின் குழந்தைகளுக்கு மட்டும் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசல் விட்டார். அந்தக் குழந்தைகள் தப்பினார்கள். ஆனால் "இவளுக்கு ஒன்றும் இல்லை" என்று விடப்பட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு நோய் வந்தது.

அதனால் 1880இல் ஒரு முடிவெடுத்தார். யார், எவர் என்று பார்க்காமல், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் 2 சதவீதக் கரைசலில் ஒரு சொட்டு. அங்கே 100 குழந்தைகளில் ஏறத்தாழ 10 பேருக்கு வந்த நோய், ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

அவர் எந்தத் தாயையும் விசாரிக்கவில்லை. அதுதான் இதில் பெரிய பாடம். பெண்களுக்கு இந்த நோய் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. கணவனிடமிருந்து வந்திருந்தாலும் அவளுக்குத் தெரியாது. பழியைத் தேடிக்கொண்டிருந்தால் பிள்ளையின் கண் போய்விடும்.

இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் இதைக் குணப்படுத்தலாம். கிளமிடியா என்ற இன்னொரு பாலியல் தொற்றும், ஒன்றிரண்டு வாரம் கழித்து, குழந்தையின் கண்ணைத் தாக்கும். அதற்கும் மருந்து உண்டு. பெரியவர்களுக்கும் அசுத்தமான கை வழியாக இவை கண்ணுக்கு வரலாம்.

குழந்தையின் கண்ணில் வரும் எல்லாப் பீளையும் இந்த நோய் அல்ல. கண்ணீர்க் குழாய் அடைத்திருந்தாலும் பீளை வரும். ஆனால் முதல் மாதத்தில் இமை வீங்கிச் சீழ் வடிந்தால், தாய்ப்பால் விட்டுப் பார்ப்போம், நாற்பது முடியட்டும் என்று இருக்காதீர்கள். கொனோரியா என்றால் ஓரிரு நாளிலேயே கருவிழியைத் துளைத்துவிடும். அன்றைக்கே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள். நோய் உறுதியானால் உம்மாவும் வாப்பாவும் சேர்ந்தே மருந்து எடுக்க வேண்டும். அரசாங்கப் பாலியல் நோய் சிகிச்சை நிலையங்களில் இலவசமாகவும் இரகசியமாகவும் பார்க்கிறார்கள்.

வெட்கம் நம்முடையது. அதற்கான விலையைப் பச்சைப் பிள்ளை கொடுக்கக் கூடாது.