இரண்டு பாறை, இரண்டு கிழமை

நாமக்கல் பாறையையும் சங்ககிரி மலையையும் ஒப்பிடலாம் என்றால் பலரும் சிரிப்பார்கள். முன்னதன் உயரம் சுமார் 65 மீட்டர். மூச்சு வாங்கத் தொடங்கும்போதே உச்சி வந்துவிடும். பின்னது கடல்மட்டத்துக்கு மேல் 2,300 அடிக்கும் அதிகம். அடிவாரத்திலிருந்து ஆயிரம் அடிக்கு மேல் ஏறியாக வேண்டும். ஆனாலும் இவை ஒரு வீட்டுப் பிள்ளைகள். 1997 ஜனவரி 1-இல் நாமக்கல் தனி மாவட்டமாகும் வரை இரண்டும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. இரண்டிலும் உச்சியில் கோட்டை. இரண்டும் இன்று தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை.

வரலாறு படித்தவர் இவற்றைக் கோட்டைகளாக ஒப்பிடுவார். பக்தர் கோயில்களாக ஒப்பிடுவார். நாம் இங்கே பார்க்கப்போவது வேறு. மலையேற்றக்காரர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளத் துணியாத, ஆனால் வாரத்தில் ஒரு பொழுதாவது கொஞ்சம் உயரத்தில் நின்று காற்று வாங்க ஆசைப்படுகிற சமவெளிக்காரருக்கு இவ்விரண்டும் என்ன தருகின்றன? ஏற்காட்டுக்கும் கொல்லிமலைக்கும் வண்டி வேண்டும், கொண்டை ஊசி வளைவுகளைத் தாங்கும் வயிறும் வேண்டும். இந்த இரண்டுக்கும் கால்கள் போதும்.

நாமக்கல்லில் ஊர் பாறையைச் சுற்றி வளர்ந்திருக்கிறது. கடைத்தெருவில் திரும்பினாலும் கமலாலயக் குளத்தங்கரையில் நின்றாலும் பாறை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் அங்கே யாரும் திட்டம் போட்டு ஏறுவதில்லை. வேலை முடிந்து வருபவர் தோளில் தொங்கும் பையோடு படியில் கால் வைத்துவிடுகிறார். காய்கறி வாங்க வந்தவர் பையன் அடம்பிடிக்கிறான் என்று ஏறுகிறார்.

சங்ககிரியில் மலை ஊரைவிட்டுச் சற்றே ஒதுங்கி நிற்கிறது. போகிற போக்கில் ஏறிவிட முடியாது; முடிவெடுத்துத்தான் ஏற வேண்டும். யார் யார் வருகிறார்கள், எத்தனை பாட்டில் தண்ணீர், வெயில் ஏறுவதற்குள் இறங்கிவிடலாமா என்பதெல்லாம் முந்தின இரவே பேசப்படும். நாமக்கல் ஏற்றம் மாலைக்கு உரியது. சங்ககிரி ஏற்றம் விடியலுக்கு உரியது.

வழியிலும் இந்த வேறுபாடு தொடர்கிறது. நாமக்கல்லில் பாறையிலேயே செதுக்கிய குறுகலான படிகள். அடியில் நின்றால் முழு வழியும் தெரிந்துவிடும், ஒளிவுமறைவு இல்லை. சங்ககிரியில் ஒன்றன்பின் ஒன்றாக வாயில்கள். ஒரு வாயிலைத் தாண்டினால் பாதை திரும்பும், அடுத்தது தெரியாது. தெரிகிற ஒவ்வொரு வாயிலும் இதுதான் கடைசி என்று ஆசை காட்டும். நாமக்கல்லைக் கட்டியவர்கள் செங்குத்தை நம்பினார்கள். சங்ககிரியைக் கட்டியவர்கள் தூரத்தை நம்பினார்கள். ஏறிவருகிற எதிரியை மேலே சேர்வதற்குள் களைக்கவைப்பதே இரண்டின் நோக்கமும். ஞாயிற்றுக்கிழமை ஏறிப்போகிறவரின் முழங்காலுக்கு அந்த நோக்கம் இன்றும் நன்றாகப் புரியும்.

செங்குத்து மட்டும் கோட்டையைக் காத்துவிடவில்லை என்பது வேறு கதை. 1768-இல் நாமக்கல் கோட்டையை ஆங்கிலேயர் பிடித்தார்கள். அதே ஆண்டில் ஹைதர் அலி திரும்பப் பிடித்தார்.

களைப்பும் இரண்டு இடத்தில் இரண்டு விதம். நாமக்கல்லில் பேசிக்கொண்டே ஏறலாம். பேச்சு முடிவதற்குள் ஏற்றம் முடிந்துவிடும். நாலு மணி வாக்கில் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாறையில் கால் வைத்தால் பகல் முழுதும் குடித்த வெயிலை அது பாதத்தில் ஏற்றும். அந்தச் சூட்டுக்கே பாதிப்பேர் வேகமாக ஏறிவிடுவார்கள். சங்ககிரியில் அடிவாரத்தில் உரக்கக் கேட்ட அரட்டை இரண்டு மூன்று வாயில்களுக்குள் அடங்கிவிடும். அப்புறம் கேட்பது மூச்சும் செருப்புச் சத்தமும்தான். ஆனால் அங்கே வாயில்களே இளைப்பாறும் இடமும் ஆகின்றன. தடித்த சுவர்களுக்கு நடுவே நிழல். இரு பக்கமும் திறந்திருப்பதால் காற்று உள்ளே புகுந்து வேகம் பிடிக்கிறது. வழி மறிக்கக் கட்டிய வாசல் இன்று வழிப்போக்கருக்குத் திண்ணைபோல் பயன்படுகிறது.

கலையைத் தேடுகிறவருக்கு நாமக்கல் ஒரு சின்ன ஏமாற்றை வைத்திருக்கிறது. அதன் சிறந்த செல்வம் உச்சியில் இல்லை, அடியில் இருக்கிறது. எட்டாம் நூற்றாண்டில் அதியர் காலத்தில் குடையப்பட்ட இரண்டு குகைக் கோயில்கள், பாறையின் ஒரு பக்கம் நரசிம்மருக்கும் மறுபக்கம் பள்ளிகொண்ட அரங்கநாதருக்கும். நரசிம்மரைப் பார்த்தபடி கூரையில்லாமல் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பதினெட்டு அடி ஆஞ்சநேயரும் கீழேதான். மேலே இருப்பது பெரும்பாலும் சுமார் ஒன்றரை ஏக்கர் சமதளமும் மதிலும் காற்றும்தான். சங்ககிரியில் செல்வம் ஓரிடத்தில் குவிந்திருக்கவில்லை. வழி நெடுகச் சிதறிக் கிடக்கிறது. அங்கே பாதியில் திரும்புகிறவர் பாதியை இழக்கிறார். நாமக்கல்லில் ஏறாமலே திரும்புகிறவர் அநேகமாக எதையும் இழப்பதில்லை. ஏறுவதற்குக் காரணம் குறைவாக இருந்தும் தினமும் ஆட்கள் ஏறுகிறார்கள் என்பதுதான் நாமக்கல் பாறைக்குக் கிடைத்த பெருமை.

கூட்டத்துக்கென்றே இரண்டிலும் ஒரு நாள் உண்டு. நாமக்கல்லில் அனுமன் ஜெயந்தி: ஆஞ்சநேயர் கழுத்தில் 1,00,008 வடைமாலை ஏறும் மார்கழி நாள். சங்ககிரியில் ஆடிப்பெருக்கு: 1805-இல் அந்த நாளில் கோட்டையில் தூக்கிலிடப்பட்ட தீரன் சின்னமலைக்கு அஞ்சலி செலுத்தக் கொங்கு நாடே திரண்டு வரும். ஒன்று பிறந்தநாள், மற்றது நினைவுநாள். பொழுதுபோக்குக்காக ஏறுகிறவர் இரண்டு நாளும் ஒதுங்கிக்கொள்வது நல்லது.

இதுவரை கண்டவை பெரும்பாலும் வேற்றுமைகள். உச்சிக்குப் போய்க் கீழே பார்த்தால்தான் உறவு தெரியும். நாமக்கல் உச்சியிலிருந்து வடகிழக்கே கொல்லிமலைத் தொடர். சங்ககிரி உச்சியிலிருந்து தெற்கே திருச்செங்கோட்டு மலை, கீழே சேலம்–ஈரோடு ரயில்பாதை. இவை வேறுவேறு காட்சிகள்தான். ஆனால் இரண்டு ஊரிலும் அடிவாரத்துப் பிழைப்பு ஒன்று: லாரி. நாமக்கல்லில் பாடி கட்டும் பட்டறைகள், டிரெய்லர்கள், கேஸ் டேங்கர்கள். சங்ககிரியிலும் லாரி உரிமையாளர்கள், பட்டறைகள், டயர் கடைகள். முன்னதையொட்டி ஓடுவது ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி செல்லும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. பின்னதையொட்டி ஓடுவது சேலத்திலிருந்து கொச்சி செல்லும் 544. நாட்டிலேயே மிகுதியாக நகர்கிற மனிதர்கள் நகரவே நகராத இரண்டு பாறைகளின் காலடியில் குடியிருக்கிறார்கள்.

இது தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. சமவெளியில் ஒற்றைப் பாறையைத் தேடிப்பிடித்துக் கோட்டை கட்டியது எதற்காக? கீழே போகிற வழிகளைக் கவனிப்பதற்காக. எந்த வழியாகத் தானியம் போகிறது, எந்த வழியாகப் படை வருகிறது என்று பார்ப்பதே காவல்வீரனின் தொழில். கோட்டையின் தொழில் முடிந்து இரு நூற்றாண்டு ஆகிறது. வழிகளின் தொழில் முடியவில்லை. பாறை காவல் காத்த பாதையில்தான் இன்று லாரி ஓடுகிறது.

இன்னும் ஒன்று. மேலே ஏறியவர்கள் முதலில் என்ன செய்கிறார்கள் என்று கவனியுங்கள். இரண்டு உச்சியிலும் ஒரே காரியம்தான்: கையை நீட்டி, “அதோ பாரு, நம்ம வீடு” என்பார்கள். இல்லை, தண்ணீர்த் தொட்டிக்கு இடதுபுறம் என்று இன்னொருவர் திருத்துவார். அப்புறம் பள்ளிக்கூடம், பேருந்து நிலையம், தாத்தாவின் தோட்டம் என்று விரல் நகரும். காவல்வீரனும் இதே இடத்தில் நின்று இதே சமவெளியைத்தான் அலசினான். அவன் தேடியது அந்நியனை. இவர்கள் தேடுவது தங்கள் கூரையை. சிறிய பாறையில் இந்தத் தேடல் எளிது. கூரைகள் கிட்டத்தில் இருப்பதால் மாடியில் காயும் துணியின் நிறம்கூடத் தெரியும். பெரிய மலையில் கடினம். வீடு தெரியாது, தெரு தெரியும். தெரு தெரியாவிட்டால் திசை தெரியும். உயரம் கூடக்கூடத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் எல்லை விரிகிறது. நாமக்கல் உச்சியில் “எங்க தெரு” என்பவர், சங்ககிரி உச்சியில் “எங்க பக்கம்” என்கிறார்.

ஆக, எது மேல் என்ற கேள்விக்கு விடை சொல்ல வயதையோ உடல்நிலையையோ கேட்பதைவிடக் கிழமையைக் கேட்பது பயன் தரும். செவ்வாயோ புதனோ என்றால் நாமக்கல். இறங்கி வந்து டீ குடித்துவிட்டு வீட்டுக்கு நேரத்துக்குப் போய்விடலாம். ஞாயிறு என்றால் சங்ககிரி. தண்ணீர் மட்டும் தாராளமாக இருக்கட்டும். வார நாளுக்கு ஒரு பாறையும் ஓய்வு நாளுக்கு ஒரு மலையும் ஐம்பது கிலோமீட்டர் இடைவெளிக்குள் அமைந்திருப்பது இந்தச் சமவெளிக்காரருக்கு வாய்த்த வசதி. அதைப் பயன்படுத்தாமல் ஊட்டிக்கு வண்டி பிடிப்பவரிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: அங்கிருந்து உங்கள் வீடு தெரியுமா?