கந்தலேயை விட்டுச் சென்ற கிழவன்



திருவருகைக் காலத்தில் நிற்கிறோம். குடில் கட்ட வைக்கோலும் மூங்கிலும் சேர்க்கத் தொடங்கிவிட்டோம். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள் கேட்கும் ஒரு கேள்வியை இன்று சிந்தனைக்கு எடுத்துக்கொள்வோம். சினிமாவில் சுத்தியலோடு வரும் தோர் உண்மையான சாமியா? அந்தக் கதையைப் பார்ப்பது பாவமா?

பிள்ளைகளின் கேள்விதானே என்று ஒதுக்கிவிட முடியாது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் லேத் ஓட்டும் நம் சகோதரர் இதையே வேறுவிதமாகக் கேட்கிறார்: ஆயுத பூஜையன்று பட்டறையில் கொடுக்கும் பொரி கடலையை வாங்கலாமா? பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காத இரவில் ஒரு தாய் கேட்கிறார்: மந்திரித்த கயிறு ஒன்றைக் கட்டினால்தான் என்ன? முன்னோர் வணங்கிய தெய்வங்களையும் அஞ்சிய ஆவிகளையும் நாம் என்ன செய்வது என்பதே இம்மூன்று கேள்விகளுக்கும் அடியில் இருக்கும் கேள்வி.

திருச்சபை வரலாற்றில் இதற்கு இரண்டு வழிகளைக் காண்கிறோம். ஒன்று கோடரியின் வழி. 8ஆம் நூற்றாண்டில் புனித போனிப்பாசு ஜெர்மனியின் கெய்ஸ்மார் என்னும் இடத்தில், இடியின் தெய்வத்துக்கு உரியதென்று மக்கள் அஞ்சிய பெரிய ஓக் மரத்தை வெட்டிச் சாய்த்தார். அந்தத் தெய்வத்தைத்தான் வடநாட்டார் தோர் என்றார்கள். வெட்டிய மரத்தைக் கொண்டு புனித பேதுருவின் பெயரில் ஒரு சிற்றாலயம் எழுப்பினார் என்று அவருடைய வரலாறு கூறுகிறது. மக்களின் அச்சத்தைப் போக்க அவர் அப்படிச் செய்தார்.

மற்றொன்று எழுதுகோலின் வழி. ஐஸ்லாந்து நாடு கி.பி. 1000ஐ ஒட்டித் திருமறையை ஏற்றது. இரு நூறு ஆண்டுகளுக்குப் பின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்னும் கிறிஸ்தவ அறிஞர், தம் முன்னோர் சொன்ன ஓடின், தோர், பிரெய்யா ஆகியோரின் கதைகளை எட்டா என்னும் நூலில் எழுதி வைத்தார். அவற்றை அவர் வணங்கவில்லை. ஆனால் அவை அழிந்தால் தம் மொழியின் கவிதையே புரியாமல் போகும் என்று அறிந்திருந்தார். இன்று நம் பிள்ளைகள் தோரின் பெயரை அறிந்திருப்பதற்கு அந்தக் கிறிஸ்தவரின் எழுதுகோல் ஒரு முக்கியக் காரணம்.

பின்லாந்திலும் இப்படி ஒன்று நடந்தது. மிக்கேல் அக்ரிகோலா என்பவர் பின்னிய மொழிக்கு எழுத்து வடிவம் தந்தவர். லூத்தரன் சபையைச் சேர்ந்த இவர் பின்னாளில் துர்க்கு நகரின் ஆயரானார். 1551இல் திருப்பாடல்களை மொழிபெயர்த்து வெளியிட்டபோது, தம் மக்கள் வணங்கிவந்த தெய்வங்களின் பட்டியல் ஒன்றை முன்னுரையில் சேர்த்தார். கண்டிப்பதற்காகத்தான் சேர்த்தார். ஆனால் படித்துப் பார்த்தால் நம் மனம் இளகுகிறது. கம்பு போன்ற தானியம் ஒன்றுக்கு ஒரு தெய்வம், பார்லிக்கு ஒன்று, ஓட்சுக்கு ஒன்று. காட்டு வேட்டைக்குத் தப்பியோ, நீரில் மீனுக்கு அஹ்தி, வீட்டைக் காக்கத் தொந்து. விதைக்கும் காலத்தில் மழை வேண்டி உக்கோவுக்குப் பானம் படைத்தார்கள்.

இது தெய்வங்களின் பட்டியல் என்பதைவிட, பசித்த மக்களுடைய தேவைகளின் பட்டியல். குளிர்நாட்டில் ஓர் அறுவடை தவறினால் ஊரே பட்டினி கிடக்கும். எதைக் கண்டு அஞ்சினார்களோ, எது இல்லாமல் வாழ முடியாதோ, அதற்கெல்லாம் ஒரு பெயர் வைத்து அழைத்தார்கள். நம் ஊர்களில் எல்லை காக்க ஐயனாரையும், அம்மை நோய்க்கும் மழைக்கும் மாரியம்மனையும் வேண்டுவதை நாம் அறிவோம். ஆடி மாதத்தில் திருவேற்காட்டு அம்மனை நோக்கி நடந்து செல்லும் அயலாரின் வேண்டுதல்களைக் கேட்டால், பிள்ளை, வேலை, நோய், மழை என்றே இருக்கும். நம் வேண்டுதல்களும் அவைதாமே! தொலைந்த பொருளுக்கு ஒரு புனிதர், கொள்ளைநோய்க்கு ஒரு புனிதர் என்று நாமும் பட்டியல் போட்டு வைத்திருக்கிறோம். புனிதர்கள் நமக்காகப் பரிந்து பேசுபவர்கள். அவர்களைத் துறைவாரி அதிகாரிகளாக ஆக்கிவிட்டு ஆண்டவரை மறந்தால், அக்ரிகோலாவின் பட்டியலில் நம்மையும் சேர்க்க வேண்டியதுதான்.

நம் தமிழ் மண்ணிலும் எழுதுகோலின் வழியில் நடந்தவர் உண்டு. டென்மார்க்கு மன்னர் அனுப்பிய லூத்தரன் போதகர் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடியில் இறங்கினார். மக்களிடமும் ஏடுகளிலும் கேட்டும் படித்தும், தென்னிந்தியத் தெய்வங்களின் வரலாற்றை 1713இல் ஜெர்மன் மொழியில் எழுதி முடித்தார். சிவன், திருமால் மட்டுமல்லாமல், ஐயனார், எல்லம்மன், மாரியம்மன், அங்காளம்மன், பிடாரி, பேய், பூதம் அனைத்தும் அதில் உண்டு. ஐரோப்பாவில் இருந்த அவருடைய மேலோர் அதை அச்சிட விரும்பவில்லை. கையெழுத்தாகவே கிடந்த நூல் 1867இல்தான், அதுவும் நம் சென்னையில், அச்சேறியது. 154 ஆண்டு! அயலாரின் நம்பிக்கையைக் கேட்டு அறிவதற்கே நமக்கு எவ்வளவு காலம் பிடித்திருக்கிறது!

மீண்டும் பின்லாந்துக்கு வருவோம். 19ஆம் நூற்றாண்டில் எலியாஸ் லொண்ரொத் என்னும் மருத்துவர் ஊர் ஊராகச் சென்று முதியோரின் வாய்ப்பாடல்களை எழுதி எடுத்தார். 1834இல் அர்ஹிப்பா பெர்த்துனன் என்னும் கிழவர் ஒருவரே இரண்டு மூன்று நாளில் ஏறத்தாழ 4000 அடிகள் பாடினார். இவற்றைத் தொகுத்து 1835இல் கலேவலா என்ற காவியம் வெளிவந்தது. 1849இல் அது 50 பாடல்களாக, 22,795 அடிகளாக விரிந்தது. ஈழத் தமிழரான ஆர். சிவலிங்கம், உதயணன் என்ற புனைபெயர் கொண்டவர், அதைத் தமிழாக்கி 1994இல் வெளியிட்டார். ஆகவே நம் மொழியிலேயே அதைப் படிக்கலாம்.

காவியத்தின் தலைவர் வைனாமொயினன். பாட்டாலேயே படகு கட்டும் ஆற்றல் கொண்ட கிழவர். கந்தலே என்ற நரம்பிசைக் கருவியை மீட்டினால் காட்டு விலங்குகளும் நின்று கேட்கும். அக்ரிகோலாவின் பட்டியலில் தெய்வமாக இருந்தவர் இவர். ஆனால் காவியத்தின் கடைசிப் பாடல் அவருடைய வெற்றியைப் பாடவில்லை. அது மர்யத்தா என்ற ஒரு கன்னிப் பெண்ணின் கதை.

மர்யத்தா மலையில் ஒரு சிறு பழத்தை உண்டு கருவுறுகிறாள். தாயும் தந்தையும் நம்பாமல் பழித்துக் கதவை அடைக்கிறார்கள். பேறுகாலத்துக்கு ஒரு குளியல் குடில் கேட்டு ஊருக்கு ஆளனுப்புகிறாள். ரூவோத்துஸ் என்பவன் வீட்டில் மறுக்கிறார்கள். காட்டுக் கொட்டிலுக்குப் போகச் சொல்கிறார்கள். குதிரை விடும் மூச்சின் வெப்பத்தில், புல் தொட்டியில் குழந்தை பிறக்கிறது. ரூவோத்துஸ் என்ற பெயர் ஏரோது என்பதன் திரிபு என்று அறிஞர் கூறுகின்றனர். எழுதப் படிக்கத் தெரியாத அந்தப் பாடகர்கள், தாங்கள் கேட்ட நற்செய்தியைத் தங்கள் காட்டிலும் பனியிலும் வைத்துப் பாடினார்கள்.

குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும் முன் நீதி சொல்ல வைனாமொயினன் வருகிறார். தகப்பன் பெயர் இல்லாத பிள்ளையைச் சேற்று நிலத்துக்குக் கொண்டுபோய்க் கொன்றுவிடுங்கள் என்று தீர்ப்பளிக்கிறார். அப்போது இரண்டு வாரக் குழந்தை வாய் திறக்கிறது. நீ செய்த பெரிய குற்றங்களுக்கு உன்னை யாரும் சேற்றுக்குக் கொண்டு போகவில்லையே என்று கேட்கிறது. கிழவரிடம் மறுமொழி இல்லை. குழந்தைக்குத் திருமுழுக்கு அளித்து அந்நாட்டுக்கு அரசனாக்குகிறார்கள். வைனாமொயினன் வெட்கமும் சினமும் கொண்டு, செப்புப் படகு ஒன்றைப் பாடி உருவாக்கி, அதில் ஏறிக் கடலுக்கு அப்பால் போய்விடுகிறார். போகும்போது தம் கந்தலேயையும் பாடல்களையும் மக்களுக்கு விட்டுச் செல்கிறார்.

அன்புக்குரியவர்களே, இது நற்செய்தி அல்ல, மக்கள் கதை. ஆயினும் நமக்கு இது பாடம். இங்கே பழைய தெய்வத்தைக் கோடரி வீழ்த்தவில்லை. கொட்டிலில் பிறந்த குழந்தை கேட்ட நியாயம் வீழ்த்தியது. கிழவர் போனார், இசை தங்கிவிட்டது.

எனவே அச்சம் வேண்டாம். பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் மருத்துவரிடம் கொண்டு செல்வோம், செபிப்போம். நம்மை மீட்டவர் நம்மோடு இருக்கையில் ஆவிகளுக்கு அஞ்சிக் கயிறு கட்ட வேண்டியதில்லை. இகழ்ச்சியும் வேண்டாம். பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் திருச்சபை ஒதுக்குவதில்லை என்று 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் தெளிவாகக் கற்பித்தது. பொரி கடலை பற்றிக் கேட்ட சகோதரர், புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 8ஆம் அதிகாரத்தை இன்றிரவு வாசிக்கட்டும். சிலை ஒன்றுமில்லை என்று அறிந்த பவுல், வலுவற்ற சகோதரனின் மனச்சான்று புண்படக்கூடாது என்பதையே பெரிதாக எண்ணினார். அறிவைவிட அன்பு அங்கே முந்தி நிற்கிறது.

நம் பாட்டிமார் பாடிய தாலாட்டையும் ஒப்பாரியையும் நாற்றுநடவுப் பாட்டையும் திருமுழுக்குப் பெற்றதால் மறக்க வேண்டியதில்லை. நெல்வயல் இருந்த இடத்தில் மனைகள் எழுந்துவிட்டன. பாடியவர்களும் ஒவ்வொருவராய் விடைபெறுகிறார்கள். இந்தக் கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் பேரப்பிள்ளைகள் அருகில் உட்கார்ந்து, கைப்பேசியிலாவது அவற்றைப் பதிந்து வைக்கட்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மர்யத்தாவுக்கு அடைபட்ட கதவை நினைப்போம். அப்படி ஒரு மகள் நம் தெருவில் இருந்தால், நம் குடும்பத்திலேயே இருந்தால், நாம் ரூவோத்துஸ் வீட்டாராக நடக்கப்போகிறோமா? அவளுக்குக் கதவைத் திறக்காமல், குடிலில் குழந்தை இயேசுவை மட்டும் கிடத்துவது வழிபாடு ஆகாது. கதவைத் திறக்கும் மனத்தை ஆண்டவர் நமக்குத் தந்தருள மன்றாடுவோம். ஆமென்.