நான்கு வாக்கியத்தில் ஒரு பதவி விலகல்: 1921 ஏப்ரல் 22



அலுவல் கடிதப் பயிற்சியில் பதவி விலகல் கடிதம் எழுதச் சொன்னால் என்ன வரும் என்று நமக்குத் தெரியும். முதல் பத்தியில் மேலாளர் கொடுமைக்காரர். இரண்டாம் பத்தியில் சம்பளம் குறைவு. மூன்றாம் பத்தியில் கண்ணீர். வேலையை விட்டு எப்போது நிற்கிறார் என்ற தேதியை மட்டும் காணவே காணோம்! இதற்கு மாற்றாக வரலாற்றிலிருந்து ஓர் உண்மைக் கடிதத்தைப் பார்ப்போம். எழுதியவருக்கு அப்போது வயது 24. பெயர், சுபாஷ் சந்திர போஸ்.

நம் ஊரில் நேதாஜி என்றதும் 1943 ஜூலை 4, சிங்கப்பூர் கேத்தே கட்டடம்தான் நினைவுக்கு வரும். ராஷ் பிஹாரி போஸ் இந்தியச் சுதந்திரக் கழகத்தின் தலைமையை அவரிடம் ஒப்படைத்த நாள் அது. அதன் பிறகு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்கள் இந்தியத் தேசிய இராணுவத்தில் சேர்ந்த கதையைப் பலரும் தாத்தா பாட்டியிடம் கேட்டிருப்பீர்கள். நாம் பார்க்கப்போவது அதற்கு 22 ஆண்டுகளுக்கு முன் நடந்தது.

1920இல் லண்டனில் நடந்த ஐ.சி.எஸ். தேர்வில் அவர் நான்காவது இடம் பெற்றார். தயார் செய்யக் கிடைத்தது ஏறக்குறைய எட்டு மாதம்தான். இங்கே ஒன்றைக் கவனியுங்கள். “ஐ.சி.எஸ். அதிகாரியாகப் பணியாற்றி, பதவியைத் துறந்தார்” என்று கட்டுரைகளில் எழுதுகிறார்கள். அது தவறு. அவர் ஒரு நாள்கூட அதிகாரியாக இருந்ததில்லை. தேர்ச்சி பெற்றவர்கள் சிறிது காலம் பயிற்சி நிலையில் இருக்க வேண்டும். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டு அவர் அந்த நிலையில்தான் இருந்தார்.

பயிற்சிக் காலத்தில் ஒரு சம்பவம். இந்தியாவில் குதிரைகளைப் பராமரிப்பது பற்றி அச்சிட்ட குறிப்பு ஒன்றைக் கொடுத்தார்கள். இந்தியக் குதிரைக்காரன் தன் குதிரை தின்பதையே தின்பான் என்று அதில் இருந்தது. எல்லாரும் சேர்ந்து எதிர்ப்பதாகப் பேச்சு. கடைசியில் பொறுப்பாளரிடம் போனவர் போஸ் ஒருவர்தான். அரசாங்கத்தின் பார்வையை ஏற்க முடியாவிட்டால் நீ வெளியேற வேண்டியிருக்கும் என்று பொறுப்பாளர் ராபர்ட்ஸ் சீறினார். அதற்கும் தயார் என்றார் இவர். சில வாரம் கழித்து, மறுபதிப்பில் அதைத் திருத்துவதாகப் பதில் வந்தது.

ஆக, குறை சொல்ல அவரிடம் விஷயம் இருந்தது. கோபமும் இருந்தது. ஆனால் 1921 ஏப்ரல் 22ஆம் தேதி, இந்திய விவகார அமைச்சர் மாண்டேகுவுக்கு அவர் எழுதிய கடிதத்தில் என்ன இருக்கிறது, பாருங்க. பயிற்சியாளர் பட்டியலிலிருந்து என் பெயரை நீக்க விரும்புகிறேன். 1920 ஆகஸ்டில் நடந்த திறந்த போட்டித் தேர்வின் வழியாகத் தேர்வானேன். இதுவரை 100 பவுண்டு உதவித்தொகை பெற்றிருக்கிறேன். விலகல் ஏற்கப்பட்டதும் அத்தொகையைத் திருப்பி அனுப்பிவிடுவேன். அவ்வளவுதான்! குதிரை இல்லை, காந்தி இல்லை, ஜாலியன் வாலாபாக் இல்லை.

ஏன் இப்படி வறட்சியாக எழுதினார்? காரணம் சொல்லத் தெரியாதவரா? அண்ணன் சரத் சந்திரருக்கு ஏழு மாதமாக அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் புரியும். அப்பாவின் மனம், குடும்பத்தின் எதிர்பார்ப்பு, அந்நிய ஆட்சிக்கு உண்மையாக இருப்பதாகக் கையெழுத்திட்டுவிட்டு நாட்டுக்கு எப்படி உழைப்பது என்ற கேள்வி, எல்லாம் அங்கே பக்கம் பக்கமாக இருக்கிறது. காரணத்தை யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்லியாகிவிட்டது. அமைச்சர் அலுவலகத்துக்குத் தேவை மூன்றுதான்: நீ யார், என்ன கேட்கிறாய், உனக்கும் எங்களுக்கும் கணக்கு என்ன. அந்த மூன்றுக்கும் பதில் இருக்கிறது. என்னைக் கேட்டால், 100 பவுண்டு வாக்கியம்தான் அக்கடிதத்தின் உயிர். உங்கள் பணம் என்னிடம் தங்காது என்று சொல்லிவிட்டு, தலை நிமிர்ந்து வெளியே வருகிறார்.

இன்னொன்று, மாணவர்கள் அதிகம் அறியாதது. அதே ஆண்டு பிப்ரவரி 16ஆம் தேதியே கல்கத்தாவில் இருந்த சித்தரஞ்சன் தாஸுக்கு எழுதிவிட்டார். தேசியக் கல்லூரியில் பாடம் நடத்த முடியும், பத்திரிகையில் எழுத முடியும், எனக்கு என்ன வேலை தருவீர்கள் என்று கேட்டார். வேலை விண்ணப்பக் கடிதம்தானே அது! அது மட்டும் நீளமான கடிதம், யோசனைகள் நிறைந்தது. அடுத்த வேலையைத் தேடிவிட்டு இந்த வேலையை விடு என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வதை அவரும் செய்திருக்கிறார் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. (சம்பளம் மட்டும் ஒப்பிட முடியாது.)

கடிதம் போன பிறகும் அவரை விடவில்லை. இந்திய அலுவலகத்தின் நிரந்தரத் துணைச் செயலர் வில்லியம் டியூக், லண்டனில் இருந்த மூத்த அண்ணன் சதீஷ் வழியாகச் சொல்லிப் பார்த்தார். கேம்பிரிட்ஜ் விரிவுரையாளர்கள் பேசினார்கள். முன்பு சீறிய அதே ராபர்ட்ஸும் மறுபடி யோசிக்கச் சொன்னார், இம்முறை அன்பாக. அவரிடம்தான் போஸ் வாயைத் திறந்து காரணம் சொன்னார்: பிரிட்டிஷ் ஆட்சிக்கு விசுவாசமாக இருந்துகொண்டே இந்தியாவுக்கு மனமார உழைக்க முடியும் என்று நான் நினைக்கவில்லை. எழுத்தில் வைக்காததை, கேட்டவரிடம் நேரில் சொன்னார்.

இதை வைத்து, விலகல் கடிதத்தில் காரணமே கூடாது என்று முடிவு கட்ட வேண்டாம். 1939இல் இதே போஸ் காங்கிரஸ் தலைவர் பதவியை விட்டபோது அறிக்கையில் காரணத்தை விளக்கினார். 1580 வாக்குகள் பெற்று, பட்டாபி சீதாராமையாவை 203 வாக்கு வித்தியாசத்தில் வென்று வந்த பதவி அது. வாக்களித்தவர்களுக்கு விளக்கம் கேட்கும் உரிமை உண்டு. மாண்டேகுவுக்கு அது கிடையாது.

தேர்வு எழுதும் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி. நீங்கள் எழுதிய பதவி விலகல் கடிதத்தை எடுங்கள். அண்ணனுக்கு எழுத வேண்டிய வரிகளைப் பென்சிலால் அடியுங்கள். மிச்சம் இருப்பதில் பணியின் பெயர், கடைசி வேலை நாள், ஒப்படைக்க வேண்டிய பொருள் அல்லது பணம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். மலேசிய மாணவர்கள் நோட்டீஸ் காலத்தையும் மறக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் எதுவும் குறிப்பிடாவிட்டால், 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குக் குறைவாக வேலை செய்தவர் 4 வாரம் முன்னதாகவும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் செய்தவர் 8 வாரம் முன்னதாகவும் தெரிவிக்க வேண்டும். இடைப்பட்டவருக்கு 6 வாரம்.