இரண்டு வெள்ளிக்கிழமைகளும் ஒரு சாம்பல் ஆண்டும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...



ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் இருண்டால், தாம்பரம் சுற்றுவட்டாரத்து இல்லங்களில் 2015ஆம் ஆண்டின் நினைவு தானாகவே எழுகிறது. அவ்வாண்டு டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அடையாறு கரை கடந்தது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் மக்கள் மாடிகளில் தஞ்சம் புகுந்து படகுக்காகக் காத்திருந்தனர். நான்காண்டுகள் கழிந்தன. 2019ஆம் ஆண்டுக் கோடையில் சென்னைக்கு நீர் வழங்கும் ஏரிகள் வறண்டன. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 25 லட்சம் லிட்டர் குடிநீரைச் சுமந்துகொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. மழை நிற்க வேண்டும் என்று கையேந்திய அதே மக்கள், மழை பெய்ய வேண்டும் என்று கையேந்தி நின்றனர்.

இவ்விரு துஆக்களும் ஒருங்கே இடம்பெற்ற ஒரு நிகழ்ச்சி இஸ்லாமிய வரலாற்றில் உண்டு. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, புகாரி, முஸ்லிம் ஆகிய இரு நூல்களிலும் அது பதிவாகியுள்ளது.

மதீனாவில் கடும் பஞ்சம். ஒரு வெள்ளிக்கிழமை நபி (ஸல்) அவர்கள் குத்பா நிகழ்த்திக்கொண்டிருக்கையில் ஒருவர் பள்ளிவாசலுக்குள் வந்தார். செல்வங்கள் அழிகின்றன, வழிகள் அடைபட்டுவிட்டன, மழைக்காக இறைவனிடம் கேளுங்கள் என்று முறையிட்டார். நபியவர்கள் கைகளை உயர்த்தினார்கள். அப்போது வானில் மேகத்தின் சுவடே இல்லை. ஸல்உ மலைக்குப் பின்னாலிருந்து கேடயம்போல் ஒரு மேகம் எழுந்தது, வானின் நடுவே வந்ததும் விரிந்தது, பொழிந்தது. அடுத்த வெள்ளிவரை மதீனா மக்கள் சூரியனைக் காணவில்லை.

அந்த வெள்ளியன்றும் அதே வாசல் வழியே ஒருவர் வந்தார். முதலில் வந்தவர்தாமா என்று பிற்காலத்தில் கேட்கப்பட்டபோது, தமக்குத் தெரியாது என்றார் அனஸ் (ரலி). வந்தவரின் முறையீடு மட்டும் மாறவில்லை. செல்வங்கள் அழிகின்றன, வழிகள் அடைபட்டுவிட்டன என்றே அவரும் சொன்னார். முன்பு வறட்சி செய்ததை இப்போது வெள்ளம் செய்திருந்தது. மழையை நிறுத்தக் கேளுங்கள் என்று அவர் வேண்டினார். நபி (ஸல்) அவர்கள் மீண்டும் கைகளை உயர்த்தினார்கள்.

அவர்கள் கேட்டது என்ன என்பதைச் சிந்தியுங்கள். அருளே வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை. குடியிருப்புகளின்மீது பொழியாமல், சுற்றியுள்ள குன்றுகளிலும் ஓடைகளிலும் மரங்கள் வேர்விட்ட இடங்களிலும் அம்மழை இறங்கட்டும் என்றே கேட்டார்கள். மழை விலகியது. மக்கள் வெயிலில் நடந்து வீடு திரும்பினர்.

இங்கே ஓர் ஐயம் எழக்கூடும். மத்ரஸாவில் பிள்ளைகள் இதனைத் தயங்காமல் கேட்டுவிடுவார்கள். பெரியவர்கள் மனத்துக்குள் வைத்துக்கொள்வார்கள். நாங்களும் கேட்டோமே, எங்கள் வீட்டுக்குள் வந்த வெள்ளம் ஏன் உடனே வடியவில்லை என்பதே அது. இதற்கு விடை அதே மதீனாவின் மற்றோர் ஆண்டில் இருக்கிறது.

ஹிஜ்ரி 18, கி.பி. 639. கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலம். மழை பொய்த்து, மண் சாம்பல் நிறமாக மாறியதால் அவ்வாண்டுக்கே ‘ஆமுர் ரமாதா’, சாம்பல் ஆண்டு, என்று பெயர் வந்தது. பாலைவனத்து மக்கள் பசியோடு மதீனாவைச் சுற்றி வந்து தங்கினர். துயரம் சுமார் ஒன்பது மாதங்கள் நீடித்தது. நபித்தோழர்கள் வாழ்ந்த ஊர் அது. தொழுகைக்கும் துஆவுக்கும் அங்கே என்ன குறை? ஒருமுறை, உயர்ந்த கைகள் தாழுமுன் மேகம் வந்தது. மறுமுறை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியதாயிற்று. ஆகவே, விடை தாமதமாவது இறைவன் கைவிட்டதன் அடையாளமன்று. பாவமான ஒன்றையோ உறவை முறிப்பதையோ கேட்காதவரை எந்தத் துஆவும் வீணாவதில்லை. கேட்டது இம்மையில் கிடைக்கும். அல்லது மறுமைக்காகச் சேமிக்கப்படும். அல்லது அதற்கு ஈடான ஒரு தீங்கு விலக்கப்படும். இது நபிமொழி நமக்குக் கற்பிக்கும் செய்தி.

அந்த ஒன்பது மாதங்களும் உமர் (ரலி) எவ்வாறு காத்திருந்தார்கள்? மக்களுக்குக் கிடைக்காத நெய்யைத் தாமும் உண்பதில்லை என்று உறுதி பூண்டார்கள். எண்ணெயையே உண்டதால் அவர்களின் மேனி நிறம் கறுத்தது. சிரியா முதலிய பகுதிகளின் ஆளுநர்களுக்கு உணவு வேண்டிக் கடிதம் எழுதினார்கள். அபூ உபைதா (ரலி) அவர்கள் உணவு ஏற்றிய 4,000 ஒட்டகங்களுடன் வந்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பகலெல்லாம் உணவுப் பங்கீட்டைக் கண்காணித்த கலீஃபா, இரவில் நெடுநேரம் தொழுது, இச்சமுதாயம் தம் கையில் அழிந்துவிடக் கூடாதென அழுது கேட்டதாக அறிவிக்கப்படுகிறது. இறுதியில் மக்களைத் திரட்டி, நபி (ஸல்) அவர்களின் சிறிய தந்தையாரான அப்பாஸ் (ரலி) அவர்களைத் துஆச் செய்யுமாறு வேண்டினார்கள். மழை பெய்தது.

தவக்குல் என்பது இதுதான். அவர்கள் எழுதிய கடிதம் துஆவின்மீது கொண்ட ஐயத்தால் எழுதப்பட்டதன்று. ஒட்டகங்கள் வந்து சேர்ந்த பின்னரும் துஆ நிற்கவில்லை. 2015 வெள்ளத்தின்போது சென்னையின் பள்ளிவாசல்கள் பலவற்றின் கதவுகள் மத வேறுபாடின்றித் திறந்தன. அங்கே உணவு சமைக்கப்பட்டது. இளைஞர்கள் இடுப்பளவு நீரில் இறங்கி மக்களை மீட்டனர். அதுவும் இந்த மரபின் தொடர்ச்சியே.

இன்னொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். நீர் ஓடைகளுக்குச் செல்லட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டபோது, ஓடைகள் ஓடைகளாகவே இருந்தன. நம் பகுதியில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம் என ஒன்றையடுத்து ஒன்றாக அமைந்த ஏரிகளின் மிகுநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நோக்கிச் செல்வது. அவ்வழியில் குப்பையைக் கொட்டிவிட்டு, கால்வாயை அடைத்துச் சுவர் எழுப்பிவிட்டு, வெள்ளம் எங்களைவிட்டு விலகட்டும் என்று கேட்பது எவ்வகையில் பொருந்தும்? துஆக் கேட்கும் கை, நீரின் வழியை அடைக்கும் கையாக இருக்கலாகாது.

வெள்ளத்தில் உறவுகளை இழந்தோரும் நம்மிடையே உள்ளனர். நீரில் மூழ்கி இறக்கும் இறைநம்பிக்கையாளருக்கு ஷஹீதின் நன்மை உண்டு என்பது நபி (ஸல்) அவர்கள் தந்த ஆறுதல். இழந்தவர் அழுவது ஸப்ருக்கு மாறானதன்று. மகன் இப்ராஹீம் மறைந்தபோது நபியவர்களின் கண்களும் கண்ணீர் வடித்தன. அழுத கண்களோடு முஸல்லாவில் நிற்பவரை அல்லாஹ் அறிவான்.

மழையை அருளாக இறக்கி, அதற்குரிய இடங்களில் அதைச் சேர்த்து, இழந்தோரின் உள்ளங்களுக்கு அமைதியளித்து, கேட்கும் நாவையும் உழைக்கும் கையையும் நமக்கு ஒருசேரத் தந்தருள்வானாக! ஆமீன்.