பேரும் அரைப்பேரும்: ஐரோப்பியக் குடும்பப்பெயர்களும் ஊவாத் தோட்டங்களும்

பெயர் ஒருவரை மற்றொருவரிடமிருந்து பிரித்தறிய உதவும் அடையாளம் என்பதே பொதுவான எண்ணம். ஆயின், பெயரிடும் முறைமையும் வரலாற்றின் விளைபொருளே. நிலம், வரி, வாரிசுரிமை ஆகியவற்றோடு அது நெருங்கிய தொடர்புடையது. ஐரோப்பியக் குடும்பப்பெயர்களின் தோற்றத்தை இவ்வடிப்படையில் விளக்கி, எல்லவையும் அதனைச் சூழ்ந்த ஊவாத் தோட்டங்களையும் அதனோடு ஒப்புநோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இங்கிலாந்தில் பரம்பரைக் குடும்பப்பெயர் 1066ஆம் ஆண்டின் நோர்மானியப் படையெடுப்புக்குப் பின்னரே வேரூன்றியது. அதனை முதலிற் சூடிக்கொண்டோர் நிலப்பிரபுக்கள். தம் ஆட்சிக்குட்பட்ட நிலத்தின் பெயரைத் தம் குடும்பத்தின் பெயராக்கி, நிலத்தோடு பெயரையும் மைந்தருக்கு விட்டுச் சென்றனர். உழைக்கும் மக்களை அவ்வழக்கம் வந்தடைய மேலும் சில நூற்றாண்டுகள் சென்றன. அவர்தம் பெயர்களுட் பல தொழிலாற் பெற்றவை: ஸ்மித் என்பான் கொல்லன், டெய்லர் தையற்காரன், மில்லர் மாவரைப்பவன். ஜோன்சன், மக்டொனால்ட் போன்றவை தந்தை பெயரின் வழி வந்தவை. ஹில், வூட் முதலியன வாழிடத்தையும், பிரவுன், ஷோர்ட் முதலியன தோற்றத்தையும் சுட்டுவன. வரி தண்டவும் படைக்கு ஆட்சேர்க்கவும் அரசுக்கு நிலையான பெயர் தேவைப்பட்டது. ஒல்லாந்தில் 1811இல் நெப்போலியனின் ஆணையே குடும்பப்பெயரைக் கட்டாயமாக்கிற்று என்பது மனங்கொள்ளத்தக்கது.

இலங்கைக்கு இப்பெயர்கள் போர்த்துக்கேயரோடு வந்தன. பெரேரா என்பது பேரிக்காய் மரத்தையும், சில்வா என்பது காட்டையும், பொன்சேகா என்பது வறண்ட ஊற்றையும் குறிக்கும். பேரிக்காய் மரத்தைக் கண்டறியாத கரையோர மக்கள் அதன் பெயரைத் தாங்கியமைக்கு மதமாற்றமும் ஆட்சியதிகாரமுமே காரணங்கள். இங்குக் குடும்பப்பெயர் தன் சொற்பொருளை இழந்து, அதிகாரத்தோடு கொண்ட உறவின் முத்திரையாகியது.

ஊவா மலைகளில் நிகழ்ந்தது இதனினும் வேறானது. எல்ல என்பது அருவியைக் குறிக்கும் சிங்களச் சொல். அவ்வூரையடுத்த தோட்டங்களோ கினெலன், நியூபேர்க் என ஸ்கொத்லாந்து இடப்பெயர்களைத் தாங்குவன. பண்டாரவளையின் அயிஸ்லபி யோக்‌ஷயர்க் கிராமமொன்றின் பெயர். ஐரோப்பாவில் நிலத்தின் பெயரை மனிதன் சூடினான். இங்கு வந்த துரைமார் தம் தாயகப் பெயர்களை அந்நிய நிலத்திற்குச் சூட்டினர். 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் அந்நிலத்தைச் சிங்கள விவசாயியிடமிருந்து பறிக்க வழிசெய்த பின்னரே அது கைகூடிற்று. 1845இல் இடிவீழ்ந்து மாண்ட மேஜர் ரொஜர்ஸின் நினைவைப் பதுளைப் புனித மாற்கு ஆலயம் பேணி நிற்கின்றது. அதே காலத்திற் கோப்பிக் காடுகளுக்கு நடந்துவந்து மடிந்த தமிழருக்கோ நடுகல்லும் இல்லை.

தோட்டத் தொழிலாளருக்குக் குடும்பப்பெயர் இல்லை. தந்தையின் பெயரே முதலெழுத்தாக முன்நிற்கும். தலைமுறைதோறும் அது மாறும். இதனைக் குறைபாடாகக் கருதுதல் பொருந்தாது. தென்னாபிரிக்கா சென்ற தமிழரிடையே நாயுடு, பிள்ளை, முதலி எனும் சாதிப்பட்டங்கள் குடும்பப்பெயர்களாக உறைந்தமையை நோக்கின், மலையக வழக்கு சாதியைப் பெயரில் நிலைநிறுத்தவில்லை எனலாம். சாதி லயங்களில் இல்லாதிருந்தது என்பது இதன் பொருளன்று.

நிருவாகத்திற்கோ தொழிலாளியின் பெயர் பெரிதாகத் தேவைப்படவில்லை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவிலிருந்து புறப்பட்ட தொழிலாளி, தோட்டக்குறியும் இலக்கமும் பொறித்த தகரத்துண்டோடு வந்தான். செக்ரோலிலே பெயர் எழுதப்பட்டது. ஆயின் அச்சொல்லின் பொருளே மாறியது. தோட்ட வழக்கிற் ‘பேர்’ என்பது ஒருநாட் கூலி. நிறை குறைந்த நாளில் விழுவது ‘அரைப்பேர்’. மனிதனின் பெயர் அவனது உழைப்பை அளக்கும் அலகாகச் சுருங்கியதை இதனினும் தெளிவாகக் கூறும் சொல் வேறு இல்லை.

இதன் அரசியல் விளைவு 1948இல் வெளிப்பட்டது. அவ்வாண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம், தந்தை இலங்கையிற் பிறந்தமைக்கோ, பாட்டனும் முப்பாட்டனும் இங்குப் பிறந்தமைக்கோ சான்று கோரியது. தந்தையின் பெயரைத் தன் பெயருக்கு முன்னே வைத்து வாழ்ந்தவனால், அத்தந்தையின் பிறப்பைப் பத்திரத்தால் நிறுவ இயலவில்லை. இலட்சக்கணக்கானோர் நாடற்றவராயினர். 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கிடையே எண்ணிக்கைகளாகப் பங்கிட்டது. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே எஞ்சியோர் குடியுரிமை பெற வழி பிறந்தது.

ஸ்மித் என்னும் பெயரில் ஒரு கொல்லனின் உழைப்பு இன்றும் நினைவுகூரப்படுகின்றது. கொழுந்து பறித்தவரின் உழைப்புக்கு அத்தகைய பெயர் எதுவும் எஞ்சவில்லை. எனினும் துரைமாரின் பெயர்களை ஏற்காது தோட்டங்களுக்குத் தொழிலாளர் தாமே இட்ட தமிழ்ப் பெயர்கள் முதியோர் நாவில் வாழ்கின்றன. அவற்றையும் பழைய செக்ரோல்களையும் அழியுமுன் திரட்டுதல், ஊவாவிலிருந்து பல்கலைக்கழகம் புகும் மாணவரின் முதற் கடமைகளுள் ஒன்றென நாம் கருதுகின்றோம்.